அஞ்சு மணிக்கு என்னமோ செய்யணும்

தலையாட்டிட்டேன். நான் செஞ்சது அவ்வளவுதான். தலையையும் ஆட்டி, ஸி, ஸி, செனோரான்னு வாயாலயும் ரெண்டு தடவை ஆமாம் போட்டு, போதாக்குறைக்கு ஈன்னு ஒரு சிரிப்பும் சிரிச்சு, வாசல் வரைக்கும் போய் டாட்டா காட்டி அனுப்பிவெச்சேன். இப்ப மணி நாலு பத்து. அஞ்சு மணிக்கு நான் என்னமோ செய்யணும். என்னன்னுதான் தெரியல. சமையல்கட்டு மேடை மேல ஒரு மாத்திரை டப்பா இருக்கு. பக்கத்து ரூம்ல ஒரு மனுசன் தூங்கறாரு. கல்லு மாதிரி நின்னுட்டு டப்பாவையும் கடிகாரத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டிருக்கேன். வெளிய நாப்பத்திரண்டு டிகிரி. கொர்தோபான்னு பேரு இந்த ஊருக்கு, ஸ்பெயின்லயே வெயிலுக்குப் பேர் போன ஊராம். திருப்பூர்ல பொறந்தவளுக்கு வெயில் என்னடி புதுசுன்னு வந்தப்ப நெனச்சேன். நம்மூர்ல வெயில் அடிச்சாலும் ஊரு நடமாடும், கரும்பு ஜூஸ் வண்டிக்காரன் மணியடிப்பான். இங்க மூணு மணி ஆச்சுன்னா ஜன்னல் மேல இருக்கற பலகைச் சுருளக் கடகடன்னு கீழ இறக்கி, வீட்டையே இருட்டாக்கி, ஊரே செத்த மாதிரி படுத்துருது. அஞ்சு வரைக்கும் மூச்! பேசக்கூடாது, பாத்திரம் உருட்டக்கூடாது, யாருக்கும் போன் போடக்கூடாது. நெருப்புப் பிடிச்சா மட்டும் என்னைய எழுப்புன்னு முதல் வாரத்துலயே சொல்லிட்டாங்க என்கர்னா அம்மா. அவங்க வீட்லதான் எட்டு வாரம் எனக்குச் சாப்பாடும் படுக்கையும். ஸ்பானிஷ் சொல்லிக்குடுக்கற பள்ளிக்கூடம் பாத்து விட்ட வீடு. இது ஆறாவது வாரம். நெருப்புப் பிடிச்ச மாதிரிதான் இருக்கு எனக்கு, ஆனா இது அவங்க சொன்ன நெருப்பு இல்லையே.

சரி, பதறாத வாணி, முதல்ல இருந்து வா. ரெண்டு மணிக்குச் சாப்பாடு. ரெண்டே முக்காலுக்கு அவங்க கைப்பையத் தூக்கிட்டாங்க. செவில்லா, எம்பொண்ணு, ரயிலு, ஏழு மணிக்கு வந்துருவேன். இது புரிஞ்சுது, சத்தியமாப் புரிஞ்சுது. எங்கண்ணன் ரஃபா தூங்குவாரு, தொந்தரவில்ல. இதும் புரிஞ்சுது. எப்பவும் எதுத்த வீட்டம்மா வந்து உக்காந்துக்கும், அது கடலுக்குப் போயிருச்சு, இந்த மாசம் ஊர்ல பாதிப்பேரு கடலுக்குப் போயிருவாங்க, அதனால நீ. அதும் சரி. அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னாங்க பாரு, அதுதான். டப்பாவ எடுத்தாங்க, ரெண்டு தட்டு தட்டுனாங்க, ரஃபா ரூம் பக்கம் கையக் காட்டுனாங்க, கடிகாரத்துல அஞ்சைத் தொட்டாங்க, வாசக்கதவப் பாத்துக் கைய வீசுனாங்க. வாய் மட்டும் நிக்கவே இல்ல. இந்தூர்ப் பேச்சு இருக்கே, வார்த்தையோட வாலையெல்லாம் முழுங்கிட்டுத் தலைய மட்டும் வெளிய விடுவாங்க. வகுப்புல டீச்சரம்மா பேசறது கோயில் மணி மாதிரி ஒவ்வொண்ணா விழும். இவங்களது சோளப்பொரி. என்னங்க செனோரான்னு கேட்டேன். திரும்பச் சொன்னாங்க, இன்னும் வேகமா. மறுபடி கேட்டேன். மணியப் பாத்துட்டே மூணாவதா சொல்ல வாயெடுத்தாங்க, ரயிலுக்கு நேரமாச்சுன்னு முகத்துல எழுதி ஒட்டியிருந்துச்சு, அங்கதான் எந்தலை ஆடிருச்சு. ஸி, ஸி. டப்பா, ரஃபா, அஞ்சு மணி. அஞ்சு மணிக்கு ரஃபாவுக்கு மாத்திரை குடு. வேற என்னவா இருக்கும்? வாசல் பக்கம் காட்டுனது நான் கெளம்பறேன்னு அர்த்தம். கூட்டிக் கழிச்சுப் பாத்தா சரியாத்தான் வருது. சரியா வர்றதே பயமா இருக்கு. ஒண்ணா, ரெண்டா, முழுசா, பாதியா? டப்பா மேல இருக்கற பேர போன்ல அடிச்சுப் பாத்துட்டேன், ரத்தக்கொதிப்பு மாத்திரைன்னு வந்துச்சு. மாத்திரை என்னன்னு போன் சொல்லும், அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு எந்தப் போன் சொல்லும்? நாலு பதினெட்டு.

இந்தத் தலை எப்ப இப்படி ஆடக் கத்துக்கிச்சுன்னு யோசிச்சா ஆதி அந்தமே இல்ல. எங்க பெரியப்பா எதையும் ஒரு தடவைதான் சொல்லுவாரு. ரெண்டாவது தடவை கேட்டா மொறைப்பாரு. மூணாவது தடவை கேட்டா மண்டைல மசாலா இருக்கா இல்லையான்னு சபையில வெச்சுக் கேப்பாரு. கணக்கு வாத்தியாரும் அப்படித்தான், புரிஞ்சுதா புள்ளைங்களான்னுவாரு, அறுவது பேரும் புரிஞ்சுதுங்க சார்னு ஒரே ராகத்துல பாடுவோம். பெரியவங்களத் திருப்பித் திருப்பிக் கேக்கறது மரியாதை இல்ல. அப்படியே வளந்து, அப்படியே டிகிரி முடிச்சு, பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா பன்னெண்டு வருசம். துணி வாங்கற வெளிநாட்டு பையர் கேக்கறத ஃபேக்டரிக்குச் சொல்றதும், ஃபேக்டரி சொல்றத பையருக்குச் சொல்றதுந்தான் எம்பொழப்பு. போன வருசம் ஸ்பெயின் பையர் வீடியோ கால்ல எதோ நீளமாப் பேசுனாரு, நடுவுல இங்கிலீஷு, பாதிக்கு மேல ஸ்பானிஷு. ரெண்டு தடவை கேட்டேன், மூணாவது ஓகே ஓகேன்னுட்டேன். கலர மாத்தச் சொல்லியிருக்காரு மனுசன். கொழந்தைங்க டாப்ஸு அத்தனையும் பழைய பச்சையிலயே பெட்டி ஏறிப் போச்சு. மொதலாளி கத்துவாருன்னு நடுங்கிட்டு நின்னேன். அவரு கத்தல. ஏம்மா கலைவாணி, தலையாட்டறத விட்டுட்டு அந்தப் பாசையப் போய்க் கத்துட்டு வான்னாரு. வந்தாச்சு. இருபது வயசுப் பசங்களோட பெஞ்சுல உக்காந்து முப்பத்தேழு வயசுல சந்தை, பேருந்து, எங்கள் குடும்பம்னு பாடம் படிச்சாச்சு. பாசைய நல்லாத்தான் கத்துக்கிட்டேன், டீச்சரம்மாவே சபாஷ்னாங்க. தலையத்தான் கூடவே கூட்டிட்டு வந்துட்டேன், திருப்பூர்ல விட்டுட்டு வரல. இங்க வந்த முதல் நாளே என்கர்னா அம்மா சொன்னாங்க: பானி (வாணின்னு அவங்களுக்கு வராது), இந்த வீட்ல ஒரே ஒரு சட்டம், புரியலைன்னா புரியலைன்னு சொல்லணும். அதுக்கும் ஸி, ஸின்னேன். பாதிதான் புரிஞ்சிருந்துச்சு. கருமம்!

உள்ள கட்டில் கிரீச்சுன்னுது. எந்திரிச்சுட்டாரா? இல்ல, பெரண்டு படுத்திருக்காரு. ரஃபாயேல், என்கர்னா அம்மாவோட அண்ணன். எழுபது வயசு, டவுன் பஸ் ஓட்டுனவரு. எட்டு மாசத்துக்கு முன்னாடி பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயிருச்சு. பேச்சுன்னா மொத்தமாப் போகல, ஒரே ஒரு வார்த்தை தங்கிப்போச்சு. ஸி. பசிக்குதா, ஸி. பசிக்கலையா, ஸி. டி.வி.யப் போடட்டுமா, ஸி. அணைக்கட்டுமா, ஸி. முதல் நாளு நான் அதப் பாத்துச் சிரிச்சுட்டேன், பாவி, அப்புறந்தான் தெரிஞ்சுது, மனசுக்குள்ள எல்லாம் இருக்கு, வாய்க்கு வர்றப்ப எல்லாமே ஸியா மாறிருதுன்னு. சாப்பிடறப்ப எங்க ரெண்டு பேத்துக்கும் சேத்தே பாடம் நடக்கும். என்கர்னா அம்மா கரண்டியத் தூக்குவாங்க, நான் கரண்டிம்பேன், அவரு ஸிம்பாரு. அந்தம்மா நெத்தில தட்டிக்குவாங்க. அவரு என்னையப் பாத்துக் கண்ணடிப்பாரு, எடது கண்ணு மட்டும். எனக்கு இந்த ஊர்லயே பிடிச்ச மனுசன் அவருதான். அந்த மனுசன் வாய்லதான் நான் இப்ப என்னன்னே தெரியாம ஒண்ணப் போடணும். போடலைன்னா? கொதிப்பு ஏறி இன்னொரு வாதம் வந்துருச்சுன்னா? எட்டு மாசமா எடது கையால ஸ்பூனப் பிடிக்கக் கத்துக்கிட்டிருக்காரு, அதும் போச்சுன்னா? போட்டு, அது போடக்கூடாததா இருந்தா? ஐயோ, நாலு இருபத்தொம்பது. கடிகாரத்துக்கு மட்டும் இந்த ஊர்ல தூக்கமே கிடையாது.

மெசேஜ் அடிச்சேன். செனோரா, மன்னிக்கணும், மாத்திரையப் பத்தி நீங்க சொன்னது புரியல. பாத்தேன். அழிச்சேன். மூணு தடவை அடிச்சு மூணு தடவை அழிச்சாச்சு. அனுப்புனா என்ன நெனப்பாங்க? எங்கண்ணன் உசிரு சம்பந்தப்பட்டது, எம்மூஞ்சியப் பாத்து ஸி சொன்னியேன்னு கேக்க மாட்டாங்களா? மொதலாளிக்கு எழுதிப் போடுவாங்க. போடட்டுமே! அதில்ல. எனக்கே தெரியும் அதில்லன்னு. வெக்கம். பொய் சொன்னவள்னு தெரிஞ்சுருமேங்கற வெக்கம். வெக்கத்துக்குப் பயந்து ஒரு மனுசனச் சாகக் குடுப்பியாடி? அப்படிக் கேட்டுட்டேன். எனக்கு நானே கேட்டுட்டேன். கேட்டதும் அந்த நீலக் கர்ட்டன் வந்துருச்சு கண்ணு முன்னால. வரக்கூடாதுன்னு இவ்வளவு நேரமும் டப்பாவையே மொறைச்சுட்டிருந்தேன், வந்துருச்சு. கோயமுத்தூர் ஆஸ்பத்திரி, ஆறு வருசம் ஆச்சு, அப்பா கட்டில்ல உக்காந்திருக்காரு, நெஞ்சுல ஒயரெல்லாம் ஒட்டியிருக்கு. காலைல பத்து மணிக்கு டாக்டர் வர்றாரு, நல்ல மனுசன், அவரு மேல ஒரு குத்தமும் இல்ல, சிரிச்ச மொகமாத்தான் பேசுனாரு. இங்கிலீஷு பாதி தமிழு பாதி, இப்படிப் பண்ணலாம், இல்லைன்னா அப்படி, அதுல இது ரிஸ்க்கு, இதுல அது. ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் சொன்னாரு. பின்னாடி நர்ஸம்மா ஃபைலோட நிக்குது, பக்கத்துக் கட்டில்காரங்க அவருக்காகக் காத்துட்டிருக்காங்க. புரியுதாம்மா? சரிங்க டாக்டர். கையெழுத்தப் போடுங்க. போட்டேன். அவரு அக்கட்டால போனதும் அப்பா கேட்டாரு, என்ன கண்ணு சொன்னாரு? நல்லாயிருமாமுங்கப்பா. அவ்வளவுதான் சொன்னேன். மூணாம் நாள் அப்பா போயிட்டாரு. எதுல கையெழுத்துப் போட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாரோ, ஆபரேசன் வேண்டாம்னு சொன்னாரோ, நாந்தான் வேண்டாம்னு சொல்லிட்டனோ. அம்மா பக்கத்துலதான் நின்னுட்டிருந்தா. அம்மாகிட்ட இதச் சொன்னதே இல்ல. விதி கண்ணுன்னு அவ அழறப்பல்லாம் அதுக்கும் தலையாட்டியிருக்கேன்.

நாலு நாப்பத்தாறு. நெருப்புப் பிடிச்சாச்சு, கூப்பிடறேன். அடிக்குது. அடிக்குது. அடிக்குது. எடுக்கல. பொண்ணு வீட்லயும் இதே தூக்கந்தான போட்டுட்டிருப்பாங்க, போன எங்க வெச்சாங்களோ. மறுபடி. எடுக்கல. இங்க ஊரே படுத்திருக்கு, தெருவுல ஒரு நாய்கூட இல்ல, எதுத்த வீடு பூட்டிக்கெடக்கு, மருந்துக்கடைக்காரனும் அஞ்சு மணிக்குத்தான் தெறப்பான். மாத்திரைய உரிச்சு உள்ளங்கைல வெச்சுக்கிட்டேன். எப்ப உரிச்சேன்னே தெரியல. வேர்வைல ஒட்டிக்கிச்சு. அவர்கிட்டயே கேட்டா என்ன? ஆறு வாரமா ஒரே மேசைல சாப்பிடறேன், அவருக்கு என்ன மாத்திரைன்னு அவருக்குத் தெரியாதா? கதவத் தள்ளுனேன். பலகைச் சந்துல வர்ற வெளிச்சம் கட்டில் மேல கோடு கோடா விழுந்திருக்கு. முழிச்சுட்டுத்தான் இருக்காரு. என்னையப் பாத்ததும் எடது கண்ணு சிரிக்குது. செனோர் ரஃபாயேல், இது உங்க மாத்திரைங்களா? ஸி. அஞ்சு மணிக்குக் குடுக்கணுங்களா? ஸி. மனசு பாரம் எறங்கிருச்சு எனக்கு, அப்பாடான்னு தண்ணிய எடுக்கப் போனேன், அப்புறந்தான் மூளை சுர்ருன்னுச்சு. திரும்பி நின்னு கேட்டேன்: குடுக்கக் கூடாதுங்களா? ஸி. அதே குரலு, அதே சிரிப்பு. இல்ல, கண்ணு சிரிக்கல. கண்ணு என்னமோ சொல்லுது, புருவம் நெரியுது, எடது கை போர்வையப் பிடிச்சுக் கசக்குது, வாய் மட்டும் ஸி, ஸிங்குது. தெரியாமச் சொல்றவளும் தெரிஞ்சே சொல்ல முடியாதவரும் மூஞ்சிக்கு மூஞ்சி ஸி, ஸின்னு நிக்கறோம். அப்ப அவரு பாத்தாரு, எங்கையில இருக்கற வெள்ளையப் பாத்தாரு. பாத்துட்டு வாயத் தெறந்தாரு. ஐயோ சாமி! கொழந்தை மாதிரி ஆன்னு தெறந்தாரு. வேண்டாம்னு சொல்ல வழியில்லாத மனுசன், எட்டு மாசமா எவங்கொண்டுவந்தாலும் இப்படித்தான் தெறந்திருப்பாரு. எங்கை அவரு வாய்கிட்டப் போயிருச்சு. மூச்சு எம்விரல்ல படுது. பாதி வழில அந்தக் கை நின்னுச்சு, நாந்தான் நிறுத்துனேன்னு சொன்னா அதும் பொய்யாத்தான் இருக்கும்.

போன் அடிச்சுது. பானி! என்னாச்சு? ரஃபாவுக்கு என்ன? தூக்கக் கலக்கத்துல அலறறாங்க. அழகா வாக்கியம் கட்டி வெச்சிருந்தேன், மன்னிக்கணும், தயவுசெய்துன்னு, ஒண்ணும் வரல. புரியலைங்க செனோரான்னேன். மத்தியானம் நீங்க சொன்னது புரியல. ஸின்னு சொன்னேன். புரியாமத்தான் சொன்னேன். அக்கட்ட இருந்து மெதுவா, எது பானி? மாத்திரை, அஞ்சு மணி. குடுத்துட்டியா? கையில இருக்குங்க. கீழ வைன்னாங்க. வெச்சேன். வெச்சியா? வெச்சுட்டேன். மாதாவே மாதாவேன்னு நாலஞ்சு தடவை கூப்பிட்டாங்க, பக்கத்துல பொண்ணு என்னம்மா என்னம்மான்னு கேக்கறது கேக்குது. திங்கக்கிழமை அவரு குளியலறைல மயங்கி விழுந்துட்டாரு, நீ வகுப்புல இருந்தப்ப, அது இந்த மாத்திரையாலதான், ரத்தக்கொதிப்ப அடியோட இறக்கிருது, டாக்டர் செவ்வாய்க்கிழமையே நிறுத்திட்டாரு. வீட்ல இருந்தா பழக்க தோசத்துல நானே எடுத்துக் குடுத்துருவேன்னுதான் உங்கிட்டக் குடுத்தேன். அஞ்சு மணிக்கு மருந்துக்கடை தெறந்ததும் அங்க இருக்கற பெட்டியில போட்டுட்டு வான்னுதான் சொன்னேன். வேண்டாத மருந்தப் போடறதுக்குன்னு எல்லா மருந்துக்கடையிலயும் வெச்சிருப்பாங்க. நீ ஸின்னியே பொண்ணே! ஆமாங்க, சொன்னேன். கடைசியா சாயங்கால மருந்தப் பத்தி இன்னொண்ணும் சொன்னாங்க, அழுகையும் கோவமும் கலந்து வேகமா. புரிஞ்சுதா? எங்கழுத்து இருக்கே, போன்ல யாரு பாக்கறா, அது ஆடவே ஆரம்பிச்சிருச்சு. இல்லைங்க, புரியல. திருப்பிச் சொன்னாங்க. இல்லைங்க. மூணாவதாச் சொன்னாங்க, ஒவ்வொரு வார்த்தையா, வாலோட. புது மருந்து பிரிட்ஜ் மேல இருக்கு, ஏழு மணிக்கு நானே வந்து குடுக்கறேன், நீ எதுவும் குடுக்காத. இப்பப் புரிஞ்சுதுங்க. கட்டில்ல ரஃபாயேல் வாய மூடிட்டு, தலைகாணில சாஞ்சு, நீளமா ஒரு மூச்சு விட்டாரு. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. அவரு முன்னாலயே உக்காந்து ஓன்னு அழுதேன், அவரு எடது கையால எந்தலையத் தொட்டுட்டு ஸி, ஸின்னாரு.

அஞ்சு அடிச்சிருச்சு. டப்பா மடியில இருக்கு, மருந்துக்கடைக்குப் போகணும், போகல. திருப்பூர்ல இப்ப எட்டரை, அம்மா சீரியல் பாத்துட்டிருப்பா. கூப்பிட்டேன். என்ன கண்ணு இந்நேரத்துல, சாப்டியா, குரலு ஏன் ஒரு மாதிரி இருக்குது? அம்மா, அப்பாவப் பத்தி டாக்டர் அன்னிக்குச் சொன்னாரில்ல, நான் கையெழுத்துப் போட்டனில்ல. எனக்கு அது புரியவே இல்லம்மா. புரியாமத்தான் சரிங்கன்னு சொன்னேன். டி.வி. சத்தம் நின்னுருச்சு. எனக்குந்தான் கண்ணு புரியலைங்கறா அம்மா. உம்பட மூஞ்சியத்தான் பாத்துட்டு நின்னேன். நீ தலையாட்டுன, படிச்ச புள்ள ஆட்டறா, சரியாத்தான் இருக்கும்னு நானும் ஆட்டுனேன். உங்கப்பா என்னையப் பாத்துட்டு அவரும் ஆட்டுனாரு.